மல்லிகா ஊதுவத்தி அடுக்கிய கதை

ஒருவர் ஒரு வேலையைத் தானாகச் செய்கிறார் என்று எப்போது சொல்லலாம்?

இந்த வருடம் நம் சிறப்பாசிரியர் பயிற்சியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். யாரும் சொல்லாமல், தொடாமல், சுட்டிக்காட்டாமல் செய்தால் அது தானாகச் செய்தது. மற்றதெல்லாம் உதவியோடு செய்தது. நானும் அப்படித்தான் படித்தேன். தேர்விலும் அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இன்று அதே கேள்வியைக் கொடுத்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இம்மாதிரி அனுபவங்களை எழுத ஓய்வு பெற்றவர்களைக் கேட்பதுதான் வழக்கம். நம் மையத்தில் அப்படி இருவர் உண்டு. ஒருவர் பேரனைப் பார்த்துக்கொள்ள வெளிநாடு போய்விட்டார். மற்றவர், "பேசச் சொல்லு, நாள் பூரா பேசறேன். எழுதச் சொல்லாதே" என்றார். அதனால்தான், எல்.கே.ஜி. படிக்கும் மகளையும், கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடிவரும் பழக்கத்தையும் வைத்திருக்கும் என்னிடம் இந்த வேலை வந்து சேர்ந்தது. எனக்கு உபதேசம் வராது. ஒரே ஒரு சம்பவம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

என் மகள் பிறப்பதற்கு முந்தைய வருடம், பயிற்சியை முடித்த கையோடு என்னைத் தொழிற்பிரிவில் போட்டார்கள். ஆட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வேலை பழக்கி, அக்கம்பக்கத்துச் சிறு யூனிட்டுகளில் சேர்த்துவிடுவது எங்கள் பொறுப்பு. எனக்குக் கொடுக்கப்பட்டவள் மல்லிகா. பத்தொன்பது வயது. மர்பி டவுனில் வீடு. அப்பா இல்லை. அம்மா எல்லம்மா துணிக் கம்பெனியில் பட்டன் தைப்பவர்.

மல்லிகா அதிகம் பேசமாட்டாள். ஆனால் பஸ் கண்டக்டர்கள் கூவும் 'முந்தே ஹோகி' மட்டும் அச்சு அசலாக வரும். முன்னால் போங்கள் என்பதற்குக் கன்னடம். அந்த இரண்டு வார்த்தைகளை வைத்தே அவள் வாழ்க்கையை நடத்திக்கொண்டிருந்தாள். சாம்பார் வேண்டாம் என்றாலும் முந்தே ஹோகி. நான் மிக அருகில் நின்றாலும் முந்தே ஹோகி. ஒரு முறை மையத்தைப் பார்வையிட வந்த ஒரு பெரிய மனிதர் நீளமாகப் பேசிக்கொண்டே போனபோது அவள் அதைச் சொல்லிவிட்டாள். நாங்கள் சொல்ல நினைத்ததும் அதுதான்.

எங்கள் பிரிவில் வயது வரம்பு உண்டு. மறு வருடத்தோடு மல்லிகாவுக்கு இடம் முடிகிறது. அதற்குப் பிறகு அவளுக்குப் போக்கிடம் இல்லையென்றால், எல்லம்மா வேலைக்குக் கிளம்பும்போது மகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போக வேண்டும். மையத்தில் சேரும் முன் அவள் அப்படித்தான் இருந்தாள். "மிஸ், பூட்டை நான் பரண்மேல தூக்கிப் போட்டுட்டேன். மறுபடி எடுக்க வெக்காதீங்க" என்று எல்லம்மா என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் அதையே நினைத்துக்கொண்டு சாதத்தைக் குழைய விட்டேன்.

ஜோகுபாளையத்தில் ஒரு ஊதுவத்தி யூனிட் இருந்தது. பெண்கள் பாயில் உட்கார்ந்து வத்தியை எடுத்து, தட்டி ஒழுங்குபடுத்தி, சின்னத் தராசில் எடை பார்த்து, உறையில் போட்டு, பெட்டியில் செருகி மூடுவார்கள். அங்கே ஒரு இடம் காலியாகப் போகிறது, வேலை தெரிந்த பெண் என்றால் சோதித்துப் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நான் மல்லிகாவை அதற்குப் பழக்க ஆரம்பித்தேன்.

முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் பின்னால் நின்று அவள் கைமேல் என் கையை வைத்துச் செய்ய வைப்பது, பிறகு முழங்கையில் ஒரு தொடுதல், பிறகு கையை நீட்டிவிட்டுத் தொடாமல் இழுத்துக்கொள்வது. கடைசியில் அதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எனக்குச் சந்தேகம். சீக்கிரம் விலகிவிட்டேனோ, தாமதமாக விலகுகிறேனோ என்று. எங்கள் பயிற்சியாளர், "அவ கத்துக்கிட்டா. நீ எப்போ கத்துக்கப் போறே?" என்று கேட்பார்.

அந்த மாதங்களில் நான் கர்ப்பமாக இருந்தேன். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடந்தது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்பும். குழந்தை பிறக்கும்வரை கழற்றக்கூடாது என்றார் மாமியார். அவற்றோடுதான் வேலைக்குப் போனேன். முதல் இரண்டு நாள் அந்தச் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. அப்புறம் வீட்டு மின்விசிறிச் சத்தம் மாதிரி அது என் காதில் விழுவதே நின்றுபோனது.

ஆச்சரியமாக, அதன் பிறகுதான் மல்லிகா பறக்க ஆரம்பித்தாள். நான் தொடவில்லை, சொல்லவில்லை. பின்னால் நின்றால் போதும், எடுப்பாள், தட்டுவாள், எடை பார்ப்பாள், உறையில் போடுவாள், பெட்டியை மூடுவாள். பிரசவ விடுப்புக்குப் போவதற்கு முந்தைய நாள், 'தானாக' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பெருமை தாங்காமல் பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் தலையாட்டினார். எல்லம்மா தன் கையால் கேசரி செய்து கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

மகள் பிறந்தாள். வழக்கப்படி வளையல்களைக் கழற்றிப் பிரசவம் பார்த்த நர்ஸம்மாவிடம் கொடுத்தார்கள். அவர் கொஞ்சம் குண்டானவர். "எனக்கு எந்தக் காலத்துல ஏறப்போகுது, எம் பொண்ணுக்குப் போடறேன்" என்று வாங்கிக்கொண்டார். வளையல்களின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

விடுப்பு முடிந்து வந்தால், மல்லிகா ஊதுவத்தி முன்னால் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். நான் இல்லாத நாட்களில் அவளைப் பார்த்துக்கொண்ட சக ஆசிரியை மறுபடி கைமேல் கை வைத்துத்தான் செய்ய வைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன். கையை நீட்டி இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முந்தே ஹோகி என்றாள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என்னைப் பார்க்காத ஏக்கம் என்றார் ஒருவர். இந்தப் பிள்ளைகளுக்கு இடையில் இப்படிப் பின்னடைவு வரும் என்றார் இன்னொருவர். எல்லம்மா மட்டும், "நீங்க லீவு போனீங்க, அவளும் லீவு போட்டுட்டா. திரும்பி வருவா மிஸ்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். யூனிட்டில் சோதனைக்கு அழைத்திருந்தது அடுத்த திங்கட்கிழமை. தள்ளிப்போட முடியாது, வேறு ஆள் வந்துவிடுவாள்.

திங்கட்கிழமை காலை, மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு மல்லிகாவோடு ஜோகுபாளையம் போனேன். யூனிட்டின் சூப்பர்வைசர் கௌரம்மா. வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்தபடி ஒரே பேச்சு.

"கொஞ்சம் அமைதியான இடம் கிடைக்குமா? அவளுக்குச் சத்தம் ஒத்துக்காது" என்றேன். படித்ததைத்தான் சொன்னேன். புதிய இடத்தில் கவனம் சிதறாமல், தனியாக, சுவரைப் பார்த்தபடி உட்கார வைக்க வேண்டும் அல்லவா.

"அமைதின்னா ஸ்டோர் ரூம்தான். எலி கூட அங்க பேசாது" என்றார் கௌரம்மா.

ஸ்டோர் ரூமில் மல்லிகாவை உட்கார வைத்தேன். எதிரில் வத்தி, தராசு, உறை, பெட்டி. சோதனை என்பதால் நான் உதவக்கூடாது. கதவோரம் நின்றேன். அவள் தராசைப் பார்த்தாள். தராசு அவளைப் பார்த்தது. காலை முழுவதும் அப்படியே போனது. நடுவில் நான் எதிர்க் கடையில் காயின் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். "குழந்தை பால் குடிச்சாச்சு, தூங்கியாச்சு. உன் குரல்தான் அழற மாதிரி இருக்கு" என்றார் மாமியார்.

திரும்பி வந்தபோது கௌரம்மா ஸ்டோர் ரூம் வாசலில் நின்றிருந்தார்.

"மேடம், லோடு வருது. ரூமைக் காலி பண்ணணும். பொண்ணை ஹாலுக்குக் கூட்டிட்டு வாங்க. இங்க சும்னே உக்காந்திருக்கா, அங்கயும் சும்னே உக்காரட்டும். மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

முடிந்தது என்று நினைத்தேன். ஹாலில் ஒரு ஓரத்தில் பாய் போட்டு உட்கார வைத்தேன். சுற்றிலும் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பிரியாணி பற்றாமல் போன கதை ஓடிக்கொண்டிருந்தது. இதோ காதைப் பொத்திக்கொள்ளப் போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மல்லிகாவின் கை வத்தியை எடுத்தது. தட்டியது. தராசில் வைத்தது. உறையில் போட்டது. பெட்டியை மூடியது. அடுத்ததை எடுத்தது.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த நஸீமா என்ற பெண் திரும்பிப் பார்த்தாள். "என்னாக்கா, ஒண்ணும் தெரியாதுன்னீங்க. எங்க பொழப்புக்கே வேட்டு வெச்சுடுவா போல."

"தெரியாதுன்னு நான் எப்போ சொன்னேன்" என்றேன். எனக்குப் புல்லரித்தது. தனியறை வேண்டும் என்று கேட்டது யார் என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்றும் இருந்தது.

டீ வந்தது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு டம்ளரை எடுத்தார்கள். மல்லிகாவும் நின்றாள். பாதி செருகிய உறை கையில் அப்படியே இருந்தது. டீ வைத்தேன், தொடவில்லை. நஸீமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சரிந்த வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டாள். மல்லிகாவின் கை உறையை முழுவதும் செருகியது. நின்றது.

நஸீமா தன் கையைப் பார்த்தாள். மல்லிகாவைப் பார்த்தாள். மறுபடி வளையலை ஆட்டினாள். மல்லிகாவின் கை பெட்டியை மூடியது.

"யக்கா, இது வளையலுக்கு ஓடுது."

"இதுன்னு சொல்லாதேடி, பொண்ணு" என்று அதட்டினார் எதிரே இருந்த மேரியக்கா.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. மையத்தில் நான் பின்னால் நின்று, என்னை அறியாமலே பழக்கத்தில் கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டபோதெல்லாம் என் வளைகாப்பு வளையல்கள் குலுங்கியிருக்கின்றன. என் காதில் விழாத சத்தம் அவள் காதில் விழுந்திருக்கிறது. நான் உதவியை எல்லாம் விலக்கிவிட்டேன் என்று நினைத்த காலத்தில் ஒவ்வொரு அடிக்கும் மணி அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த மணியை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. ஹாலுக்கு விளையாட்டு கிடைத்துவிட்டது. ஒருத்தி ஆட்டினாள், இன்னொருத்தி ஆட்டினாள், நான்கைந்து பேர் சேர்ந்து ஆட்டினார்கள். கெட்ட எண்ணம் இல்லை, டீ நேரத்துச் சிரிப்புதான். மல்லிகாவின் கைகள் வேக வேகமாக ஓடின. வத்திகள் ஒடிந்தன. முந்தே ஹோகி, முந்தே ஹோகி என்று அவள் குரல் ஏறிக்கொண்டே போனது.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பார்க்கச் சொல்வேன். அந்தப் பெண்களை நான் அதட்டியிருந்தால் அடங்கியிருப்பார்கள். ஆனால் நாளைக்கு மல்லிகா உட்கார வேண்டியது அவர்களுக்கு நடுவில்தான். அவளை எழுப்பி வெளியே கூட்டிப் போயிருந்தால் சோதனை அங்கேயே முடிந்திருக்கும். எல்லம்மா பரணில் பூட்டைத் தேடுவது என் கண்முன் வந்தது. எது சரி என்று நான் முடிவு செய்யவில்லை. என் கை நஸீமாவிடம் நீண்டது.

"ரெண்டு வளையல் குடு."

"எதுக்குக்கா?"

"குடேன், சொல்றேன்."

அவள் சிரிப்பை நிறுத்தி, தளர்வாக இருந்த இரண்டைக் கழற்றிக் கொடுத்தாள். நான் அவற்றை மல்லிகாவின் கையில் மாட்டினேன். அவளுக்கு உடம்பில் எதுவும் ஒட்டக்கூடாது. முன்பு ஒரு வாட்ச் கட்டிப் பார்த்தபோது அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டவள். இதையும் வீசுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் கையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். ஒரு குலுக்கு. கேட்டாள். வத்தியை எடுத்தாள். இன்னொரு குலுக்கு. தட்டினாள். இன்னொரு குலுக்கு, தராசு. நிதானமாக, அவளுடைய வேகத்தில்.

"இனிமே யாரும் ஆட்டக்கூடாது. அவகிட்டயே இருக்கு" என்றார் மேரியக்கா. வளையலே போடாமல் வாட்ச் மட்டும் கட்டுபவர் அவர். தன் பாயை இழுத்து மல்லிகாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நஸீமாவை அந்தக் கோடிக்கு அனுப்பினார்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் கௌரம்மா. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"ஏனம்மா இது?" என்றார், கன்னடத்தில். என்னம்மா இது என்று.

அவளுக்கு வளையல் என்றால் ஆசை என்று சொல்லியிருக்கலாம். வேலை தெரிகிறதே, அது போதும் என்று மழுப்பியிருக்கலாம். எனக்குப் பொய் சொன்னால் வியர்க்கும். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் கேட்டால்தான் செய்கிறாள், இது முழுசாகக் கற்றுக்கொண்டதாக ஆகாது, இரண்டு வாரம் கொடுத்தால் இதையும் விலக்கிவிட்டுக் கூட்டிவருகிறேன் என்று.

கௌரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு ஃபேக்டரியில இருந்தவரு. சைரன் ஊதினாத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாரு. ரிட்டயர் ஆயாச்சு, இன்னும் அப்படித்தான். சைரன் ஊதணும், சோறு இறங்கணும். ஞாயித்துக்கிழமை சைரன் கிடையாது, அன்னிக்கு நான் தட்டை எடுத்து நங்குன்னு வெக்கணும். அவரை யாரும் வேலை தெரியாதவருன்னு சொல்லலியே மேடம்." வளையலைக் காட்டி, "இது உடைஞ்சா கையைக் கிழிக்கும். அதை மட்டும் பாத்துக்குங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

மாலையில் மையத்துக்குத் திரும்பிப் பயிற்சியாளரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆசிரியராகிவிட்டார். "சரி, சந்தோஷம். ஆனா அது உதவிதானே? ஒவ்வொண்ணா எடுத்துடு" என்றார்.

சொன்னதைச் செய்பவள் நான். சில வாரம் கழித்து இரண்டு வளையலில் ஒன்றைக் கழற்றினேன். ஒற்றை வளையல் குலுங்காது. அவ்வளவுதான், விலகிவிட்டது என்று நினைத்தேன். மல்லிகா கையை ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. யோசித்தாள். அந்த ஒற்றை வளையலால் தராசுத் தட்டின் விளிம்பில் தட்டினாள். டிங். வத்தியை எடுத்தாள்.

நான் மற்ற வளையலைத் திருப்பி மாட்டிவிட்டேன். மறுவாரம் மேரியக்கா, "மிஸ், அந்த டிங்கே நல்லா இருந்துச்சு. அது கேக்கலைன்னா இப்போ எங்களுக்கே கை ஓடமாட்டேங்குது" என்று குறைபட்டுக்கொண்டார்.

அதன் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டதாகத் தோன்றினால், கொலுசு, வாட்ச், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி பார்ப்பேன். பூ வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுவேன். பிறகு இன்னொருவரை என் இடத்தில் நிற்கச் சொல்வேன். அப்புறம்தான் பெருமைப்படுவேன். நாம் சொல்லிக் கொடுப்பது மட்டும்தான் அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது என்று நினைக்காதீர்கள். நம்மோடு வருவதெல்லாம் போய்ச் சேர்கிறது. உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்த பாடம் அவ்வளவுதான்.

ஆனால் இதை எழுத ஒப்புக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு.

என் மகள் எல்.கே.ஜி.க்கு வந்துவிட்டாள். இத்தனை நாளும் மல்லிகா அந்த ஹாலில்தான் இருக்கிறாள். இப்போது யூனிட் பொம்மனஹள்ளிக்கு மாறுகிறது. உறையைச் சூட்டில் ஒட்டும் மெஷின் வருகிறது. மெஷின் இருக்கும் இடத்தில் கையில் எதுவும் போடக்கூடாது, வளையல், மோதிரம், கயிறு எதுவும். நியாயமான விதி. நானே அந்த மேனேஜராக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். மல்லிகாவை அடுத்த மாதம் அங்கே வைத்துப் பார்ப்பார்கள்.

"இப்பவாவது விலக்கிடு" என்கிறார் பயிற்சியாளர். "நான் மேனேஜர்கிட்ட பேசறேன், ஒரு வளையல்ல என்ன வந்துடப்போகுது" என்கிறார் கௌரம்மா. "ரெண்டு பஸ் மாறினாலும் நான் கொண்டுபோய் விடறேன் மிஸ்" என்கிறார் எல்லம்மா. பூட்டைப் பற்றி இப்போது அவர் பேசுவதில்லை. நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் காலில் கொலுசு போட்டுப் பார்த்தேன். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கை நிறைந்துவிட்டால் வத்தியை எப்படி எடுப்பது?

போன வாரம் மல்லிகாவிடமே கேட்டேன். "வளையல் இல்லாம செய்வியா?" அவள் என் கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டினாள். இப்போது என் கையில் வாட்ச் மட்டும்தான். காதருகில் வைத்துக் கேட்டாள். பிறகு கையை என் மடியில் திருப்பி வைத்துவிட்டு, முந்தே ஹோகி என்றாள். போ என்றாளா, மேலே ஆகட்டும் என்றாளா, எனக்குத் தெரியவில்லை.

தானே மாட்டிக்கொண்டு, தானே ஆட்டி, தானே கேட்டு, தானே செய்கிற ஒரு பெண்ணிடமிருந்து அந்தச் சத்தத்தை எடுத்துவிடுவதா? எடுக்காமல் அதற்கு ஒரு வழி பார்ப்பதா? புதிதாகப் படித்துவிட்டு வருகிறவர்கள் நீங்கள். வேறு யோசனை உங்களுக்கு இருக்கலாம். முட்டாள்தனமாகத் தோன்றினாலும் பரவாயில்லை, என் யோசனைகளைவிட மோசமாக இருக்காது. எழுதிக் கொடுங்கள், அல்லது தொழிற்பிரிவுக்கு வந்து சொல்லுங்கள். மல்லிகா மெஷின் முன்னால் உட்காருவதற்குள் வந்தால் நல்லது. வரும்போது வளையலைக் கழற்றிவிட்டு வாருங்கள்.